அடுப்பு நிறைய உப்பு

அஸ்தினாபுரம்
12 பிப்ரவரி 2024

அன்புள்ள அத்தைக்கு,

அனு எழுதுகிறேன். உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்ததா? மாமாவின் இருமல் எப்படி இருக்கிறது? எனக்கு ஒரு குறையும் இல்லை. ஹாஸ்டல் குழம்பில் உப்பு போட மறந்துவிடுகிறார்கள், அது ஒன்றுதான்.

வேலை கிடைத்த செய்தியை அப்பா மாமாவின் போனில் சொன்னாராம். மாமாவின் முகத்தைப் பார்த்தே நீங்கள் புரிந்துகொண்டு, அவர் வாயைத் திறப்பதற்குள் "வேலையா?" என்று கேட்டீர்களாம். உங்களுக்குக் காது கேட்காது என்று யார் நம்புவார்கள்? எனக்கும் போனில் வார்த்தை வராது. அதனால் கடிதமே நமக்குச் சௌகரியம்.

அலுவலகம் கிழக்குத் தாம்பரத்தில், ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடி. பழைய கட்டடங்கள், பழைய தொழிற்சாலைகள் இவற்றின் வரலாற்றைப் புத்தகமாக எழுதிக் கொடுப்பது தொழில். முதலாளி லக்ஷ்மிநாராயணன் சார். எதிர் மேசையில் மிருதுளா என்று ஓவியம் வரைகிற அக்கா. நான் பேசாமல் உட்கார்ந்திருப்பதால், "அனு, இருக்கியா, வீட்டுக்குப் போயிட்டியா?" என்று நடுநடுவே கேட்டுக்கொள்வார்.

முதல் வேலையாக எனக்குக் கொடுத்திருப்பது எது தெரியுமா? உங்கள் காத்தாடி! நெடுங்கழி உப்பளம், அதன் காற்றாலை, இரண்டின் வரலாறு. சார் பெயரைச் சொன்னதும், "எங்க அத்தை அங்கதான் சார் இருக்காங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். பிறகு சொல்ல நேரம் வாய்க்கவில்லை.

உங்களுக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதுங்கள். யார் கட்டியது, எப்படி ஓடியது, எப்போது நின்றது. சின்ன விஷயம் என்று எதையும் விடவேண்டாம்.

மாமாவுக்கு என் வணக்கம்.

உங்கள்
அனுப்பிரியா


காத்தாடிக்குப் பக்கத்து வீடு
நெடுங்கழி உப்பளம்
27 பிப்ரவரி 2024

அன்பு மருமகள் அனுவுக்கு அத்தை செல்லியம்மாள் எழுதறது. இங்க நானும் மாமாவும் நல்லா இருக்கோம். கால் வீக்கம் பாதி வடிஞ்சுது. மீதி என்னோட வாழறதுன்னு முடிவு பண்ணிடுச்சு.

உன் கடுதாசியை பக்கத்து வீட்டு மாரிகிட்ட காட்டினேன். "இன்னா செல்லி, நம்ம காத்தாடிக்கு புக்கு போடறாங்களா? அதுல புறா பீதான் கீது, அதையும் எழுதச் சொல்லு" ன்னு சிரிச்சா. நான் காதால கேக்கல, அவ வாயைப் பாத்தே தெரிஞ்சுகிட்டேன்.

நான் கேட்டு வச்சிருக்கறதைச் சொல்றேன். சூர்யநாராயணன்னு ஒரு கான்டிராக்டர், வெள்ளைக்காரன் மூட்டை கட்டற காலத்துல இந்த இடத்தைக் குத்தகைக்கு எடுத்தாராம். கடல் தண்ணி ஏறி நிக்கற கழியில இருந்து உப்புத்தண்ணிய ஆளுங்க ஏத்தம் போட்டு எறைச்சாங்க. அது கட்டுப்படி ஆகலைன்னு அவர்தான் சுண்ணாம்பும் செங்கல்லுமா கோபுரத்தைக் கட்டி, மேல இரும்புச் சக்கரத்தை வச்சாரு. சக்கரம் பக்கிங்காம் கால்வாயில படகுல வந்துச்சாம். காத்துல சக்கரம் சுத்தினா உள்ள ஒரு கம்பி மேலயும் கீழயும் போகும், தண்ணி பெரிய பாத்திக்கு ஏறும். அங்க இருந்து தானா சின்னப் பாத்திக்கு இறங்கி வெயில்ல உப்பாகும். வாரின உப்பும் அதே கால்வாயிலதான் பட்டணம் போச்சு.

காத்து எப்ப வரும், எப்ப வேகம் எடுக்கும்னு சொல்ல முடியாது இல்லையா. வேகம் எடுத்தா சங்கிலிய இழுத்து நிறுத்தணும், இல்லன்னா சக்கரம் பிச்சுக்கும். அதனால ஆள் அங்கயே இருக்கணும்னு கோபுரத்துக்கு அடியில வீடு கட்டிக் கொடுத்தாங்க. என் மாமனார்தான் சங்கிலிக்காரர். பாத்தி வேலைக்கு வந்தவங்களுக்கும் வரிசையா வீடு எழும்புச்சு. எங்க வரிசை அப்படி வந்தது.

ஒரு கதை. என் மாமியார் கல்யாணம் ஆகி வந்த புதுசுல, நின்ன சக்கரத்துல சீலையைக் காயப் போட்டாங்களாம். மாமனார் அது தெரியாம சங்கிலிய விட்டுட்டாரு. கூறைச் சீலை ஆகாசத்துல சுத்துது. கால்வாய்ல போற படகுக்காரன் எல்லாம் துடுப்பை நிறுத்திட்டு, "காத்தாடிக்குக் கல்யாணம் டோய்" ன்னு கத்தினானாம். சாயங்காலம் காத்து அடங்கறவரைக்கும் சீலை கீழ வரல. மாமியார் அதுவரைக்கும் மாமனார்கிட்ட பேசல. ராத்திரி சோறும் போடல.

ஒரு புயல்ல சக்கரம் பாதி போச்சு. அப்பறம் ஆயில் இஞ்சின் வந்துச்சு. இப்ப உப்பும் இல்ல. இப்ப எடத்தை வச்சிருக்கற கம்பெனி பாத்திய நிறுத்தி ரெண்டு வெயில் ஆகுது. உன் மாமா கழியில நண்டு பிடிக்கறாரு. நான் வேர்வையத் தவிர உப்பைப் பாக்கறது இல்ல.

தாம்பரத்துல ஏறினா கேளம்பாக்கம், அங்க இருந்து கொஞ்சம் நடை. இவ்வளவு கிட்ட இருந்துகிட்டு கடுதாசியில கேக்கறியே. வந்து பாத்து எழுதேன். நண்டு குழம்பு வைக்கறேன்.

இப்படிக்கு
உன் அத்தை


அஸ்தினாபுரம்
10 மார்ச் 2024

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் கண்டு மகிழ்ச்சி. வெயில் ஏறிவிட்டது, தண்ணீர் நிறையக் குடியுங்கள். மாமாவை மதிய வெயிலில் கழிக்கு அனுப்ப வேண்டாம்.

சீலைக் கதையைப் படித்து ஆபீசில் தனியாகச் சிரித்தேன். மிருதுளா அக்கா திரும்பிப் பார்த்து, "அட, உனக்குப் பல் இருக்கா?" என்றார். அந்தக் காட்சியை அவர் வரைகிறார். இரும்புச் சக்கரத்தில் சிவப்புச் சீலை. அதுதான் அட்டைப்படம் ஆகும் போலிருக்கிறது.

இன்னொன்று கேட்க வேண்டும். மழைக்காலம். நான் சின்னவளாக இருந்தபோது ஐப்பசி பிறந்ததும் பள்ளிக்கூடம் விட்டு வந்து படப்பை வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன். வானம் கறுத்தால் நீங்கள் வரப்போகிறீர்கள் என்று அர்த்தம். பஸ்ஸிலிருந்து தலையில் மூட்டையும் கையில் ஒரு டப்பா உப்புமாக நீங்கள் இறங்குவீர்கள். மாமா பின்னால் கோழியைத் தூக்கிக்கொண்டு வருவார். தை பிறக்கும்வரை நான் உங்கள் பக்கத்தில்தான் படுப்பேன். மழையை அத்தைதான் கூட்டிவருகிறார் என்று ஸ்கூலில் சொல்லி அடி வாங்கியிருக்கிறேன்.

அந்த வழக்கத்தைப் பற்றி எழுத ஆசை. கிளம்புவதற்கு முன் என்ன செய்வீர்கள்? எல்லோரும் போய்விடுவார்களா?

வருகிற ஞாயிறு வர முயற்சி செய்கிறேன்.

உங்கள்
அனுப்பிரியா


நெடுங்கழி உப்பளம்
2 ஏப்ரல் 2024

அன்பு அனுவுக்கு,

நீ சுகமா இருப்பேன்னு நம்பறேன். எனக்குக் காலும் சரியில்ல, மனசும் சரியில்ல.

முதல்ல நீ கேட்டதுக்குப் பதில். மழை வந்தா கழி பொங்கி வாசல் வரைக்கும் தண்ணி வரும். பாத்தியில வேலை இருக்காது. அதனால எல்லாரும் அவங்கவங்க பொறந்த ஊருக்குப் போயிடுவோம். பூட்டு கிடையாது. கதவுக்குக் குறுக்க செங்கல்லை அடுக்குவோம். கிளம்பறதுக்கு முன்னாடி பொம்பளைங்க அடுப்பு நிறைய உப்பைக் கொட்டுவோம். வெறும் அடுப்பா விட்டுட்டுப் போனா திரும்பி வரமாட்டோம்னு ஒரு நம்பிக்கை. தை மாசம் வந்ததும் ஈரத்துல கறுத்துப் போன அந்த உப்பை அள்ளிப் போட்டுட்டுத்தான் பொங்கல் வைப்போம். உன் மாமாவும் சும்மா இருக்கமாட்டாரு. வாரம் ஒரு தடவை படப்பையில இருந்து பஸ் பிடிச்சு வந்து, எல்லார் வீட்டுக் கூரையும் நிக்குதான்னு பாத்துட்டு வருவாரு. உனக்கு அது ஞாபகம் இருக்காது, நீ ஸ்கூலுக்குப் போயிருப்ப.

இப்ப விஷயம். கம்பெனிக்காரங்க நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க. இங்க பெரிய ஓட்டல் வரப்போகுதாம், வெளியூர்க்காரங்க வந்து தங்கறதுக்கு. காத்தாடிய இடிக்கமாட்டாங்களாம். வெள்ளை அடிச்சு லைட்டு போடுவாங்களாம். எங்க வரிசையைத்தான் எடுக்கணுமாம். வருஷம் பூரா இங்கயே குடியிருந்தவங்கன்னு காட்டினா மாத்து வீடு உண்டு, இல்லன்னா சும்மா கிளம்பணும். சர்க்கார் ஆபிசர் ஒருத்தர் விசாரிக்கறாரு.

காட்டறதுக்கு எங்ககிட்ட என்ன இருக்கு? ரேஷன் கார்டு படப்பை விலாசத்துல. ஓட்டும் அங்க. எங்க வரிசையில இருக்கற ரத்தினபாய்க்கு ஊரு தூத்துக்குடி பக்கம், அவளுக்கு எல்லாம் அங்க. இந்தப் பக்கம் எவன் எங்களுக்குக் கார்டு கொடுத்தான்? ரத்தினபாய்தான் சொன்னா, "ஒன் மருமவ எழுதுதாளே, அந்தப் புஸ்தகத்துல நம்ம இங்க இருந்தது எல்லாம் வருமே, அதைக் காட்டுவோம்" ன்னு. எல்லாருக்கும் முகம் வெளிச்சமாச்சு.

ஒண்ணு கேக்கணும். போன வாரம் வெள்ளைக் கார்ல கம்பெனி ஆளுங்களோட ஒரு பொண்ணு வந்து காத்தாடிய போட்டோ எடுத்துச்சாம். "அது உன் மருமவதான், சுடிதாரு போட்டுகினு தலையக் குனிஞ்சுகினு போச்சு" ன்னு மாரி சத்தியம் பண்றா. போடி, என் மருமவ என் வாசலைத் தாண்டி ஒரு வாய் தண்ணி குடிக்காம போவாளான்னு திட்டி அனுப்பினேன். மாரிக்குக் கண்ணு மங்கிடுச்சு.

புத்தகம் எப்ப வரும்? எங்க பேரு இருக்கா?

இப்படிக்கு
உன் அத்தை செல்லியம்மாள்


அஸ்தினாபுரம்
30 மே 2024

அன்புள்ள அத்தைக்கு,

பதில் எழுத இவ்வளவு நாளாகிவிட்டது, மன்னியுங்கள். வேலை நெருக்கடி. இடையில் எனக்குக் காய்ச்சலும் வந்து போனது. இப்போது சரியாகிவிட்டது. உங்கள் காலுக்கு அப்பா தைலம் வாங்கி அனுப்பினாரே, கிடைத்ததா?

புத்தகம் அச்சாகிவிட்டது. உங்கள் பெயரும் மாமாவின் பெயரும் இருக்கின்றன. மாமனார் சங்கிலி பிடித்த கதை, சீலைக் கதை எல்லாம் இருக்கின்றன. நான் எழுதியதில் கொஞ்சம் நீளம் என்று சார் சில இடங்களைச் சுருக்கச் சொன்னார். சுருக்கினேன்.

என் பெயரை உள்ளே சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள். நம் வீட்டில் அச்சில் வந்த முதல் பெயர் என்று அப்பா செக்யூரிட்டி வேலைக்குப் போகும் இடத்தில் எல்லோரிடமும் காட்டினாராம். ஒரு பிரதி உங்களுக்கும் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

நோட்டீஸ் பற்றி எழுதியிருந்தீர்கள். எனக்கு மிகவும் கவலையாக இருக்கிறது. எல்லாம் நல்லபடியாக முடியும்.

வெயில் அதிகம். வெளியே போகும்போது தலைக்குத் துணி போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள்
அனுப்பிரியா


நெடுங்கழி உப்பளம்
9 ஜூன் 2024

அன்புத் தங்கம் அனுவுக்கு அத்தையோட ஆசீர்வாதம். உனக்குக் காய்ச்சல்னு படிச்சதும் மாரியம்மனுக்கு மஞ்சத்துணி முடிஞ்சு வச்சேன். தைலம் கிடைச்சது. கால்ல தேய்ச்சா கால் வலி போகல, வீடே மணக்குது.

புத்தகம் வந்துச்சு! போஸ்ட்மேன் கூப்பிட்டிருக்காரு, நான் கேக்கல, மாரி ஓடி வந்து தோளை உலுக்கினா. அட்டையில சீலை. என் மாமியார் இருந்திருந்தா அந்தப் படத்தைப் பாத்து இன்னொரு தடவை மாமனாரைப் பட்டினி போட்டிருப்பாங்க.

சாயங்காலம் காத்தாடி நிழல்ல எல்லாரும் உக்காந்தோம். நான் எட்டாவது படிச்சவ, எனக்குத்தான் வாசிக்க வரும். ஆனா நான் வாசிக்கறது எனக்கே கேக்காது, எங்க கத்தறேன் எங்க முணுமுணுக்கறேன்னு தெரியாது. ரத்தினபாய் எதிர்ல நின்னு கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினா. முதல் பாதி முழுக்க வாசிச்சேன். எங்க வீடு எதுக்குக் கட்டினாங்கன்னு எழுதியிருக்கற எடம் வந்ததும், "அதே அதே, இன்னொரு தடவை படி" ன்னாங்க. மூணு தடவை படிச்சேன். அப்பறம் வெளிச்சம் போயிடுச்சு. மீதியப் படிக்கல. ஆபிசர் படிக்கட்டும்.

கடைசிப் பக்கத்துல கம்பெனி பேரு போட்டிருக்கு, அவங்கதான் வெளியிடறதுன்னு. பாத்ததும் உன் மாமா முகம் மாறிச்சு. நான் சொன்னேன், இது இன்னும் நல்லதுதானே? நாங்களா சொன்னா பொய்யின்னுவாங்க. கம்பெனியே அச்சடிச்ச புத்தகத்துல நாங்க இருக்கோம்னு இருந்தா அதுக்கு மேல சாட்சி வேணுமா? மாமாவும் தலைய ஆட்டினாரு.

ஜூலையில விசாரணை. புத்தகத்துக்கு மஞ்சள் குங்குமம் வச்சு பிளாஸ்டிக் பையில சுத்தி வச்சிருக்கேன். உனக்கு எங்க எல்லாரோட நன்றியும்.

ஞாயித்துக்கிழமை வரேன்னு மார்ச்சுல எழுதின. எந்த ஞாயித்துக்கிழமைன்னு எழுதல.

உன் அத்தை


அஸ்தினாபுரம்
21 ஜூன் 2024

அன்புள்ள அத்தைக்கு,

நீங்களும் மாமாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் அப்படியே.

ஒரு விஷயம். புத்தகத்தை விசாரணைக்கு எடுத்துச் செல்ல வேண்டாம் என்று தோன்றுகிறது. அவசரத்தில் எழுதியது. நிறையப் பிழைகள் இருக்கின்றன. நேற்று மிருதுளா அக்கா புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நிறுத்தி, "அனு, இதை வேற மாதிரி எழுதியிருக்கலாமோ?" என்றார். ஏன் என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கு" என்று மூடி வைத்துவிட்டார். அதிலிருந்து எனக்கு மனம் சரியில்லை.

அது சும்மா படிப்பதற்கான புத்தகம் அத்தை. அலுவலகங்களில் இதையெல்லாம் மதிக்க மாட்டார்கள். வேறு ஏதாவது காட்ட முடியுமா என்று மாமாவை விசாரிக்கச் சொல்லுங்கள். பழைய கூலிச் சீட்டு, மருத்துவமனைச் சீட்டு, எதுவானாலும்.

தவறாக நினைக்க வேண்டாம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
அனுப்பிரியா


நெடுங்கழி உப்பளம்
28 ஜூலை 2024

அன்பு அனுவுக்கு அத்தை எழுதறது. நீ நல்லா சாப்பிடறியா? எனக்கு ரெண்டு நாளா சோறு இறங்கல.

உன் கடுதாசி முன்னாடியே கிடைச்சது. அதை நான் பெருசா எடுத்துக்கல. நீ எப்பவும் அப்படித்தானே. பரீட்சை எழுதிட்டு வந்து, "அத்தை, நான் பெயிலு" ன்னு அழுவ. அப்பறம் பாத்தா முதல் மார்க். உனக்குக் கூச்சம், நீ எழுதினதை நாலு பேர் பாக்கக் கூடாதுன்னு நினைக்கறேன்னு சிரிச்சுகிட்டேன். மாமாகிட்டயும் காட்டல.

விசாரணைக்கு எல்லாரும் போனோம். ரத்தினபாய் பட்டுச் சீலை கட்டினா. உன் மாமா சட்டைய இஸ்திரி போட்டாரு. பெரிய ஹாலு, ஃபேன் சுத்துது. ஆபிசர் நல்லவராத்தான் தெரிஞ்சாரு, உக்காருங்கன்னு கையைக் காட்டினாரு. நான்தான் எழுந்து போய் புத்தகத்தைப் பையில இருந்து எடுத்து அவர் மேசையில வச்சேன். அவர் அட்டையப் பாத்து சிரிச்சாரு.

அப்பறம் கம்பெனி வக்கீலும் அவர் பையில இருந்து அதே புத்தகத்தை எடுத்தாரு. நடுவுல ஒரு பக்கத்துல காகிதம் சொருகி வச்சிருந்தாரு. எழுந்து நின்னு வாசிச்சாரு. நிறுத்தி நிறுத்தி, நல்லா வாசிச்சாரு. எனக்குக் கேக்கல, பழகாத வாயி, வார்த்தையும் பிடிபடல, ஆனா அழகா அசைஞ்சது தெரிஞ்சுது. ஆபிசர் கேட்டுகிட்டே என்னைப் பாத்தாரு. அங்க இருந்த எல்லாரும் திரும்பி என்னைப் பாத்தாங்க. உன் எழுத்தைப் பாராட்டறாங்க போலன்னு நினைச்சேன். எனக்குப் பெருமை தாங்கல. எழுந்து எல்லாருக்கும் கும்பிடு போட்டேன். சிரிச்சேன்.

அப்பதான் ரத்தினபாய் முகத்தைப் பாத்தேன்.

பஸ்ல யாரும் என்கிட்ட பேசல. மாரி எனக்கு முதுகைக் காட்டிகிட்டு உக்காந்தா. உன் மாமாகிட்ட எவ்வளவோ கேட்டுட்டேன், என்ன வாசிச்சாங்கன்னு. "விடு" ன்னு கையக் காட்டறாரு. புத்தகத்தை வாங்கி எங்கயோ வச்சுட்டாரு, கண்ணுல படல. மாத்து வீடு கிடையாதுன்னு உத்தரவாம். ஆவணிக்குள்ள கிளம்பணுமாம்.

நீயாவது சொல்லு. எந்தப் பக்கம்? அதுல என்ன இருந்துச்சு?

உன் அத்தை


அஸ்தினாபுரம்
25 செப்டம்பர் 2024

அத்தைக்கு,

மாமாவுக்கு இருமல் அதிகமாகிவிட்டது என்று அப்பா சொன்னார். உங்கள் கால் எப்படி இருக்கிறது என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. உத்தரவை எதிர்த்து எழுதிக் கொடுத்ததில் ஒரு மாதம் தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவுதான் என்றும் சொன்னார்.

உங்கள் கேள்விக்குப் பதில் எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன். அந்தப் பக்கத்தை அப்படியே கீழே எழுதுகிறேன்.

"ஐப்பசியில் முதல் பெருமழை விழுந்ததும் கழியும் உப்பளமும் ஒன்றாகிவிடும். பாத்திகளின் வரப்புகள் கரைந்துபோகும். தொழிலாளர் குடும்பங்கள் கதவுக்குக் குறுக்கே செங்கல்லை அடுக்கிவிட்டு, மூட்டையோடு பஸ் ஏறித் தங்கள் சொந்த ஊருக்குத் திரும்புவார்கள். அங்கே அவர்களுக்காக ஒரு குழந்தை வாசலில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். தை பிறக்கும்வரை காற்றாலையின் அடியில் ஆள் நடமாட்டம் இருப்பதில்லை. மழை அவர்களை வீடு சேர்க்கிறது."

இதுதான் அத்தை. புத்தகத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். சார் எதையெல்லாமோ சுருக்கச் சொன்னபோதும் இதைத் தொடவிடாமல் காப்பாற்றினேன்.

எழுதச் சொன்னது கம்பெனி என்று எனக்கு முதலிலிருந்தே தெரியும். உங்களுக்கு நோட்டீஸ் வந்தபின் எதற்காக எழுதச் சொன்னார்கள் என்றும் தெரிந்தது. காத்தாடியின் பெருமையை எழுதினால் ஓட்டலுக்குப் பெருமை, அவ்வளவுதான் என்று நினைத்தேன். நீங்கள் வருஷம் பூரா அங்கே குடியிருக்கவில்லை என்பதற்கு இந்தப் பக்கமே சாட்சியாகும் என்று நினைக்கவில்லை. மிருதுளா அக்கா நிறுத்தின இடம் இதுதான் என்று பார்த்ததுமே தெரிந்தது. ஜூனில் உங்களுக்கு அதைச் சொல்லாமல் பிழைகள் என்று எழுதினேன்.

வேலையை விட்டுவிட்டேன். அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

அனு


பம்மல்
19 நவம்பர் 2024

அன்பு அனுவுக்கு அத்தை எழுதறது. நீ சுகமா இருக்கணும்னு வேண்டிக்கறேன். வேலைய விட்டதா எழுதியிருந்த. விட்டிருக்க வேண்டாம்.

நாங்க பம்மல்ல ஒரு ரூம்ல இருக்கோம். உன் மாமாவுக்கு ஒரு தோல் கிடங்குல வேலை. ஆட்டுத்தோலை விரிச்சு அது மேல உப்பு தடவி அடுக்கணும். உப்பு தெரிஞ்ச ஆளுன்னு உடனே எடுத்துகிட்டாங்க. நாத்தம் சட்டையோட வீட்டுக்கு வருது. இருமல் நிக்கல.

உங்கப்பா வந்து படப்பைக்குக் கூப்பிட்டான், அழுதான். நான் போகல. மழைக்கு வந்துட்டு தையில கிளம்பற அத்தையாத்தான் நான் அந்த வீட்டுக்கு வந்து பழக்கம். கிளம்ப எடம் இல்லாம வந்து உக்காந்தா உங்கம்மா எவ்வளவு நாளைக்கு முகம் மாறாம சோறு போடுவா? அவளைக் குத்தம் சொல்லல. நானா இருந்தாலும் அப்படித்தான். மாரி இப்பவும் பேசறது இல்ல. ரத்தினபாய் ஊருக்கே போயிட்டா.

நீ எழுதி அனுப்பினதைப் படிச்சேன். நல்லா எழுதியிருக்கம்மா. ஒரு வரி பொய் இல்ல. வாசல்ல உக்காந்துகிட்டு வானத்தைப் பாக்கற குழந்தை யாருன்னு எனக்குத் தெரியாதா? அந்த ஆபிசருக்குத்தான் தெரியாது. உன் மாமா வாரா வாரம் போய்க் கூரையப் பாத்துட்டு வந்ததும், அடுப்புல உப்பு கொட்டிட்டு வர்றதும் மட்டும்தான் அதுல இல்ல. எடம் பத்தாம போயிருக்கும்.

கம்பெனி சமாச்சாரத்தை எங்கிட்ட மறைச்சதா எழுதியிருக்க. அன்னிக்கு வெள்ளைக் கார்ல வந்தது நீதான்னு எனக்கு அன்னிக்கே தெரியும். நான் கதவுக்குப் பின்னால நின்னு பாத்துகிட்டுதான் இருந்தேன். உன் நடை எனக்குத் தெரியாதா? முதலாளிங்க எதிர்ல என்னைக் கூப்பிட உனக்குக் கூச்சமா இருக்கும்னு நான் வெளிய வரல. வந்திருக்கலாம். வந்து கையைப் பிடிச்சு உள்ள இழுத்து, தண்ணி கொடுத்து, என்னடி விஷயம்னு கேட்டிருக்கலாம்.

கிளம்பற அன்னிக்கு சாமான் எல்லாம் வண்டியில ஏத்தியாச்சு. கடைசியா ஒரு தடவை உள்ள போனேன். கை பழக்கத்துல மூலையில இருந்த சட்டிய எடுத்து அடுப்பு நிறைய உப்பைக் கொட்டிட்டேன். திரும்பிப் பாத்தா உன் மாமா வாசல்ல நிக்கறாரு. நான் அப்படியே உக்காந்து, கொட்டின உப்பை ஒரு கல்லு விடாம திரும்ப சட்டியில அள்ளிகிட்டேன்.

மூணு நாளா இங்க நல்ல மழை. மேல விலாசம் எழுதல. இந்த ரூமுக்கு நம்பரும் இல்ல, தையில வேற எடம் பாத்துக்கச் சொல்லியிருக்காங்க. அதனால பதில் எழுதாத.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அத்தை
செல்லியம்மாள்